ஒரு சாண் வெளிச்சம்

அந்தக் காலத்தில் தேனீ பேசும், பாம்பு பேசும், வானத்தில் ஏறும் பொழுதும் பேசும். எப்படி என்று கேட்டால் பதில் கிடையாது. பேசும், அவ்வளவுதான்.

இருட்டு என்ற சொல் அப்போது இல்லை. அதற்கு வேலை இருக்கவில்லை.

விடியும்போது பொழுது தன் கயிற்றை மலைமேல் இறக்கும். வெளிச்சக் கயிறு. இன்று நாம் வெளிச்சம் என்று பெருமை பேசுவது அந்தக் கயிற்றின் நடுவில் ஒரு சாண். ஊதாவில் தொடங்கிச் சிவப்பில் முடியும் ஒரு சாண். அதை அப்போது யாரும் சட்டை செய்ததில்லை. கயிறு அதற்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் காத தூரம் கிடந்தது.

வலது கோடியில் கயிறு சோம்பேறி. ஒரு நெளிவு முடிய எதிர்மலை வரை போக வேண்டும். பாறை, குடிசை, மாட்டின் வயிறு எல்லாவற்றின் ஊடேயும் புகுந்து போய்விடும். யாரையும் தொந்தரவு செய்யாது. நடுவை நோக்கி வர வர நெளிவு குட்டையாகும். சிவப்புக்குச் சற்று வலப்பக்கம் சூடு இருந்தது. ஆம், சூட்டைக் கண்ணால்தான் பார்த்தார்கள். ஊதாவுக்குச் சற்று இடப்பக்கம் இருந்த துண்டில், பூவுக்குள் தேன் எங்கே என்று காட்டும் கோடுகள் தெரியும். இன்னும் இடது கோடிக்குப் போனால் கயிறு நெளியாது, துடிக்கும். கொசுச் சிறகு தோற்றுப்போகும் துடிப்பு. அதற்குத் தோல் ஒரு பொருட்டல்ல. எலும்பில் போய்த்தான் நிற்கும்.

சோம்பேறி முனையும் துடிப்பு முனையும் ஓடுகிற வேகம் ஒன்றுதான். நெளிவில்தான் நெட்டை, குட்டை. கயிறு ஒன்று.

முழுக் கயிறும் மனிதர் கண்ணுக்கு மட்டும் தெரிந்தது. மற்ற உயிர்களுக்கு ஆளுக்கொரு துண்டு, அதிலும் மங்கல்.

எப்பேர்ப்பட்ட கண் அது. சாம்பல் மூடிய கங்கு சாம்பலுக்குள்ளேயே தெரியும். ஒருவன் உட்கார்ந்து எழுந்துபோன பாறையில் அவன் சூடு சற்று நேரம் உட்கார்ந்திருக்கும். தண்ணீர்க் குடத்தைத் தொடாமலே எந்தக் குடம் குளிர்ந்தது என்று சொல்லலாம். வேலைக்குப் போனவர்கள் திரும்பி வருவது மலைவளைவிலேயே தெரிந்துவிடும். மூங்கில் இடுக்கில் ஒரு கனல் அசையும். அது இன்னார் கனல் என்று வீட்டிலிருப்பவள் பார்த்ததும் உலையை இறக்குவாள். யாரும் யாருக்காகவும் காத்திருந்ததில்லை. காத்திருக்க என்ன இருக்கிறது? வருவதுதான் தெரிகிறதே.

ஒரே ஒரு குறை. யாருக்கும் முகம் கிடையாது. இருந்தது, பார்க்க முடியவில்லை. எலும்பும் சூடும் நெளிவுகளும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தால் மூக்கு எது, முழி எது? ஆளை எலும்பை வைத்துத்தான் அடையாளம். பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள், "விலா எலும்பு வரிசையா இருக்கு" என்றால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம்.

அந்த மலையில் சடையன் என்று ஒரு தேன்வெட்டி இருந்தான். அதிகம் பேசமாட்டான். பேச்சுக்குச் செலவாகிற மூச்சு மலையேற உதவும் என்று நினைப்பு.

தேன்பாறை என்பது செங்குத்தான பாறை. அதன் நெற்றியில்தான் அடைகள் தொங்கும். மேலே இருந்து கொடிக்கயிற்றில் தொங்கித்தான் வெட்ட வேண்டும். அந்தக் கயிற்றை யார் பிடிப்பது என்பதில் அந்த மலையில் ஒரு கட்டு உண்டு. வெட்டுகிறவன் பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோதான் பிடிக்க வேண்டும். கூடப் பிறந்தவளை அறுதலியாக்க எவனும் கயிற்றை விடமாட்டான். சடையனுக்கு மசணன். சடையன் மனைவி பொம்மிக்கு மூத்தவன். இடது முழங்கை எலும்பு கோணல். வாய் நிற்காது.

பாறைக்குப் பக்கத்தில் அருவி. கத்தினால் கேட்காது. சத்தம் மண்புழு மாதிரி. ஒடுங்கி, நீண்டு, முன்னால் இருக்கிற காற்றை முட்டித் தள்ளித்தான் நகரும். தள்ள எதுவும் இல்லையென்றால் நின்றுபோகும். அருவி இரைகிற இடத்தில் அதன் பிழைப்பு நடக்காது. வெளிச்சம் பாம்பு மாதிரி. இப்படியும் அப்படியும் நெளிந்து முன்னே போகும். பாம்புக்காவது தரை வேண்டும். வெளிச்சத்துக்கு அதுவும் வேண்டாம், வெறும் வெளியில் போகும்.

ஆகவே தேன்வெட்டிகள் கத்துவதில்லை. கயிற்றை நெளிப்பார்கள். நீளமாக ஒரு நெளிவு வந்தால் இறக்கு என்று அர்த்தம். குட்டை குட்டையாகப் படபடவென்று வந்தால் ஏற்று.

அடையை வெட்டுவதிலும் ஒரு கட்டு உண்டு. நடு அடை பழுத்துக் கறுத்திருக்கும், இரண்டு ஓரமும் வெளுத்திருக்கும். நிறம் மாறுகிற இடத்தில் கத்தியை வைக்க வேண்டும். இடப்பக்கம் ஒரு வெட்டு, வலப்பக்கம் ஒரு வெட்டு. நடுவில் ஒரு சாண் தேனீயின் பங்கு, தொடக்கூடாது. தொங்கிக்கொண்டு யோசிக்க நேரம் இராது என்பதால், ஒரு வெட்டு விழுந்ததும் கை தானாக அடுத்த வெட்டுக்குப் போகும்படி சிறுவயதிலேயே பழக்கிவிடுவார்கள். சடையனுக்கு முப்பது வருஷப் பழக்கம்.

தேனீ அப்போது கொட்டாது. கொட்ட என்ன அவசியம்? பூவின் கோடு அதற்குத் தெரியாது. சடையன் பார்த்துச் சொல்வான், "கிழக்குச் சரிவுல மஞ்சப் பூ. மூணாவது மரம்." அது போகும். பதிலுக்குத் தேன். இருதரப்புக்கும் நியாயமான ஏற்பாடு.

போகும் வழியில் மூங்கில் புதரில் ஒரு பச்சை விரியன். கண் மங்கல், வயிறு எப்போதும் காலி.

"சடையா, எலி எங்க இருக்குன்னு பாத்துச் சொல்லேன்" என்று தினமும் கேட்கும்.

"எலி வந்து நீ எங்கன்னு கேட்டா அதுக்கும் சொல்லவா?"

"அது கேக்காது. அதுக்குத் தைரியம் இல்ல."

"அப்ப பட்டினி கிட."

இப்படிப் போய்க்கொண்டிருந்தது. நல்ல காலம்தான். நல்ல காலம் என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை.

ஒரு கோடையில் பொழுதின் முகத்தில் கரும்புள்ளிகள் விழுந்தன. என்ன கோபமோ. கயிற்றின் துடிப்பு முனை கட்டுக்கட்டாக இறங்கத் தொடங்கியது. பெரியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டார்கள். அவர்கள் முழித்தபடியே அயரப் பழகியவர்கள். குழந்தைகளுக்கு அந்தப் பழக்கம் வர ஆறு மாதம் ஆகும். இமையை மூடினால் என்ன? துடிப்புக்கு இமையும் தோல்தான். பொழுது இறங்கினாலும் விடிவு இல்லை. விண்மீன்கள் ஆளுக்கொரு நூலை இறக்கும். அதன் நுனியும் துடிக்கும்.

அந்தக் கோடையில்தான் பொம்மிக்குப் பெண் பிறந்தது. பிறந்து பதினொரு நாள் ஆகியும் அது தூங்கவில்லை.

"மூடுறா. ஆனா மூடுனது அவளுக்கே தெரியல" என்றாள் பொம்மி. குழந்தையின் கனல் மங்கிக்கொண்டு வந்தது சடையனுக்கும் தெரிந்தது. காலையில் நெல்லிக்காய் நிறத்தில் இருந்த சூடு சாயங்காலம் சாம்பல் பூத்திருந்தது. பால் குடிக்கிற வாயும் தளர்ந்துவிட்டது.

மசணன் வாசலில் நின்றான். "தொட்டில் மேல கம்பளி போட்டுப் பாத்தியா, மாப்பிள்ளை?"

"போட்டேன்."

"ரெண்டு போட்டுப் பாரு."

"ஏழு போட்டேன். மூச்சு முட்டுச்சு. துடிப்பு நிக்கல."

மசணன் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். கீழ்க்குடிசைகளில் இரண்டு தொட்டில்கள் அந்த மாதம் அவிழ்க்கப்பட்டிருந்தன. அதை யாரும் சொல்லவில்லை. பொம்மிதான் சொன்னாள்.

"மூணாவது நம்ம தொட்டிலுன்னா நான் இந்த மலைல இருக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

சடையன் கத்தியை எடுத்து இடுப்பில் செருகினான்.

"எங்க?" என்றாள்.

"பாறைக்கு."

"இப்பப் புள்ள தேன் கேட்டாளா உன்னை?"

"தேன் இல்ல" என்றான். மசணன் கொடிக்கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நடந்தான். ஏன் என்று கேட்கவில்லை. தங்கை முகம் தெரியாவிட்டாலும் குரல் தெரியும்.

பொழுதின் கயிறு எங்கே தரை தொடுகிறது என்று தேனீக்களுக்குத் தெரியும். அதன் அடியில்தான் கூடு கட்டும். பாறைக்கு வந்ததும் சடையன் மூத்த தேனீயைக் கேட்டான்.

"பாறை மூக்குல. விடியறப்போ, ஒரு வெத்திலை மெல்லுற நேரம் படிஞ்சு கெடக்கும்" என்றது தேனீ. "எதுக்கு?"

"ஒரு நுனிய அறுக்கணும்."

"எந்த நுனி?"

"துடிக்கிற நுனி."

தேனீ அவன் இடுப்புக் கத்தியை ஒருமுறை சுற்றிப் பறந்தது. பிறகு, "அறுத்தது உனக்கு வேண்டாம்னா எங்களுக்குக் குடு. எத்தனை நாளைக்கு உன்னைக் கேட்டுக் கேட்டுப் பூவுக்குப் போறது?" என்றது.

"விழுறத யாராவது எடுத்துக்குங்க. எனக்கென்ன?"

யோசிக்காமல் சொன்ன வார்த்தை.

விடிந்தது. மசணன் மேலே அத்திமரத்தில் காலை ஊன்றிக் கயிற்றைப் பிடித்தான். சடையன் இறங்கினான். பாறை மூக்கில் பொழுதின் கயிறு குறுக்கே படிந்து கிடந்தது. இடது கையை எட்டினால் துடிப்பு, வலது கையை எட்டினால் சோம்பேறி நெளிவுகளின் ஊஞ்சல், கண்ணுக்கு நேரே அந்த ஒரு சாண் நிறம்.

"யாரு அது?" என்றது பொழுது. "சீக்கிரம் சொல்லு. நான் ஏறணும்."

"சடையன். தேன்வெட்டி."

"தேன் அங்க இருக்கு. இது என் கயிறு."

"புள்ள தூங்கல, ஐயா."

"எந்தப் புள்ள?"

"எந்தப் புள்ளையும். ரெண்டு போயிருச்சு. உன் துடிப்பு இமைக்குள்ள வருது."

பொழுதின் முகத்துப் புள்ளிகள் இன்னும் கறுத்தன. தான் ஏறுவதும் இறங்குவதும் தவிர வேறெதையும் அது கவனித்ததில்லை.

"எனக்கு அது தெரியாது" என்றது கடைசியில். "உங்க மனுசக் கூட்டத்துக் கண்ணுக்கு வர்ற இழை இது ஒண்ணுதான். நட்சத்திர நூலும் இதுல வந்துதான் சேருது. இதுல எதை அறுத்தாலும் உங்க எல்லாருக்கும் அறுந்த மாதிரி. அறுத்தது ஒட்டாது. யோசிச்சுக்க."

"நுனி மட்டும் போதும்."

"அப்ப அறு. எனக்கு நேரமாச்சு."

சடையன் கத்தியை எடுத்தான். இடது கோடிதானே. தூரத்தில், துடிப்பு தொடங்கும் இடத்தில் வெட்டியிருக்க வேண்டும். ஆனால் முப்பது வருஷமாக நிறம் மாறுகிற இடத்தில் கத்தி வைத்த கை அது. ஊதா முடிகிற ஓரத்தில் போய் நின்றது. வெட்டு விழுந்தது.

துடிப்பு நின்றது.

அந்த அமைதியை எப்படிச் சொல்வது. பிறந்ததிலிருந்து தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த இரைச்சல் ஒன்று ஓய்ந்த மாதிரி. சடையன் இமையை மூடிப் பார்த்தான். மூடினான், மூடியது. உள்ளே ஒன்றுமே இல்லை. மெத்தென்று, கறுப்பாக, பெயரில்லாத ஒன்று. மகள் இப்போது மூடினால் தூங்குவாள் என்று நினைத்தான். கண்ணை மூடியபடி, பாறையில் நெற்றியைச் சாய்த்தபடி, ஒரே ஒரு மூச்சு நிம்மதியாக விட்டான்.

அந்த ஒரு மூச்சு நேரம் கையை மறந்துவிட்டான். கை அவனை மறக்கவில்லை. இடப்பக்கம் ஒரு வெட்டு விழுந்தால் வலப்பக்கம் ஒரு வெட்டு. நிறம் மாறுகிற இடம். சிவப்பின் ஓரம்.

சரக் என்ற சத்தம் கேட்டுத்தான் கண்ணைத் திறந்தான்.

கத்தியைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் பிடித்தான். அறுந்த சூடு அவன் உள்ளங்கைகளுக்குள் வழுக்கியது. தேன் வழிகிற மாதிரி வழுக்கி, விரலிடுக்கில் கசிந்து, போய்விட்டது. பின்னாலேயே நீள ஊஞ்சல்களும் ஒவ்வொன்றாகச் சரிந்தன. பாறை மூக்கில் ஒரு சாண் மட்டும் மிச்சம். ஒழுங்காக, கட்டுப்படி, நடுவில் விட்டுவைத்த பங்கு.

"ஒட்ட முடியுமா, ஐயா?" என்றான்.

"சொன்னேனே" என்றது பொழுது. குரலில் கோபம் இல்லை. ஏறத் தொடங்கிவிட்டது. மனிதரோடு அது பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

விழுந்த துண்டுகள் வீணாகவில்லை. ஊதாவை ஒட்டிய துண்டு அடைமேல் விழுந்தது. தேனீக்கள் மொய்த்துப் பிடித்துக் கண்ணில் திணித்துக்கொண்டன. இடம் போதாமல் சிவப்பை வெளியே தள்ளிவிட்டன. இன்றுவரை தேனீக்குச் சிவப்பு தெரியாது. பூவின் கோடு தெரியும். அதன்பிறகு சடையனைக் கேட்க என்ன இருக்கிறது? பழைய ஏற்பாடு அந்தக் காலையோடு முடிந்தது. மூத்த தேனீ அவன் புறங்கையில் உட்கார்ந்து, "கத்தியோட வராத இனிமே" என்று சொல்லிவிட்டுக் கொட்டியது. முதல் கொட்டு.

சூடு கீழே மூங்கில் புதரில் விழுந்தது. பச்சை விரியன் அண்ணாந்து முகத்தில் வாங்கியது. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே இருபக்கமும் குழி விழுந்தது. அந்தக் குழிகளில்தான் சூட்டை வைத்திருக்கிறது. எலி எங்கே என்று யாரையும் கேட்பதில்லை.

இரண்டு முனைத் துண்டுகளையும் எவரும் எடுக்கவில்லை. அவை இன்னும் நம் ஊடேதான் போய்க்கொண்டிருக்கின்றன. நீள ஊஞ்சலைக் கம்பி நட்டுப் பிடித்துப் பாட்டுக் கேட்கிறார்கள், போனில் பேசுகிறார்கள். அதில் சற்றுக் குட்டையான ஒரு துண்டு, சோறு சூடாக்கும் பெட்டிக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. துடிப்பு முனையை ஆஸ்பத்திரிக்காரர்கள் கூப்பிட்டு எலும்பைப் படம் பிடிக்கிறார்கள். படத்தை விளக்கில் பிடித்து இங்கே முறிவு, அங்கே முறிவு என்று வியக்கிறார்கள். சடையன் கண்ணாலேயே பார்த்தது.

மேலே மசணன் கயிற்றைப் பிடித்தபடி கீழே பார்த்துக்கொண்டிருந்தான். அதுவரை பாறை ஊடே தெரிந்துகொண்டிருந்த மாப்பிள்ளையின் எலும்புக்கூடு சட்டென்று காணாமல் போயிற்று. பாறை பாறையாக இருந்தது. "மாப்பிள்ளை" என்று கத்தினான். அருவி அதை விழுங்கிவிட்டது. கையில் கனம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வந்தது. விழுந்தவன் கனமாக இருப்பானா? கயிற்றை மரத்தில் கட்டிவிட்டு எட்டிப் பார்க்கலாமா என்று நினைத்தான். நினைத்தவன், தங்கையை நினைத்துக் கையை எடுக்கவில்லை. தோல் உரியப் பிடித்துக்கொண்டிருந்தான்.

கயிறு நெளிந்தது. குட்டை குட்டையாக, படபடவென்று. ஏற்று.

அவன் இழுத்த இழுப்பில் அத்திமரம் ஆடியது.

சடையன் விளிம்பில் ஏறி உட்கார்ந்தான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"இதான் உன் மூஞ்சியா?" என்றான் மசணன்.

"ஏன்?"

"ஒண்ணுமில்ல. முன்னாடியே பாத்திருந்தா என் தங்கச்சியக் குடுத்திருக்க மாட்டேன்."

"உன் மூஞ்சிய நீ பாக்கலையே."

மசணன் சிரித்தான். சிரிக்கும்போது பல் வெளியே வருவது சடையனுக்கு விசித்திரமாக இருந்தது. அதற்குமுன் பல் எப்போதும் தெரிந்தபடியே இருக்கும், சிரிப்பா அழுகையா என்று கண்டுபிடிக்க முடியாது. மசணனின் கோணல் முழங்கையைப் பார்த்தான். தோலுக்குள் போய்விட்டது. அதை இனிப் பார்க்க முடியாது.

"என்ன மாப்பிள்ளை பண்ணுன?"

"ஒரு வெட்டுக்குப் போனேன். ரெண்டு வெட்டிட்டேன்."

தேன்வெட்டிக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. மசணன் தலையைக் குனிந்துகொண்டான்.

திரும்பும் வழியில் மூங்கில் புதரிலிருந்து விரியன் கேட்டது. "சடையா, எலி எங்க இருக்குன்னு நான் சொல்லவா?" குரல் வந்த இடத்தைச் சடையன் தேடினான். பச்சையில் பச்சை. காலைப் பார்த்துப் பார்த்து வைத்து நடந்தான்.

மலைவளைவு வந்தது. அங்கிருந்து எப்போதும் தெரியும், குடிசைக்குள் பொம்மியின் கனல். கீற்றுக்கு நடுவே ஒரு செம்பருத்தி மொட்டு போல. அதைப் பார்த்துத்தான் நடையை எட்டிப் போடுவான். இன்று குடிசை வெறும் கீற்றாக நின்றது. உள்ளே ஆள் இருக்கிறதா, குழந்தை இருக்கிறதா, தொட்டில் காலியா, ஒன்றும் தெரியவில்லை. தெரியாமல் ஒரு வீட்டை நோக்கி நடப்பது அவனுக்கு அதுதான் முதல்முறை. ஓடினான்.

வாசலில் ஒருத்தி நின்றாள். கறுத்த நெற்றி. இடது புருவத்தில் ஒரு தழும்பு. வீங்கிய கண். யார் என்று ஒரு கணம் தெரியவில்லை. விரலை உதட்டில் வைத்து "ஷ்" என்றாள். அந்தச் சத்தம் அவனுக்குத் தெரிந்த சத்தம்.

தொட்டிலுக்குள் மகள் தூங்கினாள். இமை மூடியிருந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. வாய் எதையோ சப்பிக்கொண்டது. எலும்பு தெரியவில்லை, சூடு தெரியவில்லை. ஒரு மூக்கு இருந்தது, ஒரு உள்ளங்கை அளவு கன்னம் இருந்தது. சடையன் தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்தான். எவ்வளவு நேரம் என்று யாருக்கும் நினைவில்லை.

"அழுதுக்கிட்டே இருந்தா. சட்டுனு நிறுத்துனா. செத்துட்டாளோன்னு நினைச்சேன்" என்றாள் பொம்மி மெதுவாக. "மூக்குல விரல வெச்சுப் பாத்தேன். தூங்குறா."

"உம்."

"உன்னையும் காணல. வளைவுல பாத்துக்கிட்டே இருந்தேன். நீ வர்றது தெரியல. கடைசியில வாசல்ல வந்து நின்னேன். வேற என்ன பண்றதுன்னு தெரியல."

அதுதான் முதல் காத்திருப்பு. அவளுக்கு அதற்குப் பெயர் தெரியாது.

சடையன் சொன்னான். நடந்ததை முழுசாக, எதையும் மறைக்காமல். அவன் வாழ்க்கையில் பேசிய நீண்ட பேச்சு அதுதான். பொம்மி கடைசிவரை கேட்டாள். பிறகு அவன் முகத்தை இரண்டு கையாலும் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"மூக்கு பெரிசு" என்றாள்.

சாயங்காலம் ஊர் கூடி வந்து திட்டியது. பாறையில் யார் சூடு என்று தெரியவில்லை, பானை கொதித்ததா தெரியவில்லை, பாம்பு இருக்கிறதா தெரியவில்லை என்று ஆளுக்கொரு குறை. நியாயமான குறைகள். கீழ்க்குடிசைக்காரி ஒருத்தி, தொட்டிலை அவிழ்த்தவள், தூங்கும் குழந்தையை எட்டிப் பார்த்தாள். "விடுங்க" என்றாள். "போதும், வாங்க." ஊர் போயிற்று.

பொழுது இறங்கியது. அன்றைக்குத்தான் அது வந்தது, அந்தப் பெயரில்லாதது. குடிசைக்குள் வந்தது, தொட்டில்மேல் வந்தது, மலையெல்லாம் வந்தது. இருள் என்று யாரோ சொன்னார்கள். குழந்தைக்கு அதுவரை பெயர் வைக்கவில்லை. பிழைக்குமோ பிழைக்காதோ என்று விட்டிருந்தார்கள். இருளாயி என்று வைத்தார்கள்.

பொம்மி அடுப்பைப் பார்த்தாள். சாம்பல்தான் தெரிந்தது. "நெருப்பு இருக்கா, அணைஞ்சிருச்சா?" என்றாள். சடையன் குனிந்து பார்த்தான். நேற்றுவரை அதைக் கேட்க வேண்டியதே இல்லை. முழியைப் பிதுக்கிப் பிதுக்கிப் பார்த்தான். சாம்பல் சாம்பலாகவே இருந்தது.

என்ன நினைத்தானோ, கையை நீட்டினான்.

உள்ளங்கைக்குத் தெரிந்தது. நெருப்பு இருக்கிறது. பாறை மூக்கில் விரலிடுக்கில் கசிந்து போனதில் கொஞ்சம், பிசுபிசுவென்று, தேன் ஒட்டிக்கொள்கிற மாதிரி உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. அவன் கையில் மட்டுமல்ல. இழை எல்லோருக்கும் ஒன்று அல்லவா. பொம்மி கையை நீட்டினாள், அவளுக்கும் தெரிந்தது.

சடையன் சாம்பலை ஊதிக் கங்கை எழுப்பினான். சுடர் வந்தது. அதன்மேல் இரண்டு உள்ளங்கையையும் காட்டினான். நன்றாகச் சூடு ஏறியதும் அப்படியே எடுத்துக் கண்ணில் ஒற்றினான். எங்கிருந்து போனதோ அங்கேயே திரும்ப வைக்கப் பார்த்தான். இமைமேல் அது இதமாக இருந்தது. உள்ளே போகவில்லை. மறுபடி காட்டினான், மறுபடி ஒற்றினான்.

"போகுதா?" என்றாள் பொம்மி.

"இல்ல."

"எனக்கும் வெச்சுப் பாரு."

அவள் கண்ணில் ஒற்றினான். அவள் இமை அவன் உள்ளங்கைக்குள் நனைந்திருந்தது. தொட்டிலுக்குள் தூங்குகிறவளின் கண்ணிலும், எழுந்துவிடாதபடி, காற்று ஒற்றுகிற மாதிரி ஒற்றினான். அவளுக்கு அது நினைவே இருக்காது. சில நாள் மட்டுமே பார்த்த ஒன்றை அவள் கண்ணில் வைக்கப் பார்த்தான்.

அதன்பிறகு எத்தனையோ வருஷம் சடையன் இருந்தான். மலைவளைவில் திரும்பும்போதெல்லாம் ஒரு கணம் நின்று குடிசையைப் பார்ப்பான், செம்பருத்தி மொட்டைத் தேடுவான். அது வராது. ஆனால் வாசலில் ஒரு முகம் நிற்கும். போதும் என்று நடப்பான். அடுப்பு மூட்டும் நேரம் மட்டும் கையைச் சுடருக்குக் காட்டிக் கண்ணில் ஒற்றாமல் இருந்ததில்லை. பார்த்தவர்களும் அப்படியே செய்தார்கள். ஏன் என்று கேட்ட தலைமுறை போயிற்று, கேட்காத தலைமுறை வந்தது.

அன்று முதல்தான் சுடர் எதிரே வந்தால் நாம் இரண்டு உள்ளங்கையையும் அதன்மேல் காட்டி, கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். அது உள்ளே போனதில்லை. நாமும் விட்டதில்லை.